கைவிடப்படாத கை

இந்நாளில் நம் இல்லங்களிலுள்ள வளரிளம் பிள்ளைகள் சிலர் கணினியில் ஒருவகை ஆட்டத்தில் ஆழ்ந்திருப்பதைக் காண்கிறோம். சுடுவதும் துரத்துவதும் அதில் இல்லை. ஓர் அணியின் மேலாளராகத் தம்மைப் பாவித்துக்கொண்டு, இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்து, பயிற்றி, ஆண்டுக்கணக்கில் வளர்த்தெடுக்கும் ஆட்டம் அது. அமெரிக்க மக்கள் போற்றும் பேஸ்பால் விளையாட்டைப் பின்பற்றி இத்தகைய ஆட்டங்கள் பல வந்துள்ளன. அவற்றில் ஒவ்வோர் இளைஞனும் சில எண்களாகவே திரையில் தோன்றுகிறான். அவனது வேகத்துக்கு ஓர் எண். பந்தை வளைக்கும் திறனுக்கு ஓர் எண். கட்டுப்பாட்டுக்கு ஓர் எண்.

பத்தொன்பது வயதுப் பந்தெறியாளன் ஒருவன் இருக்கிறான் என்று கொள்வோம். வேகம் நிறைய உண்டு, கட்டுப்பாடு இல்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் அடி வாங்குகிறான். அவனை என்ன செய்வது? ஒரு பொத்தானை அழுத்தி அணியிலிருந்து நீக்கிவிடலாம். வேகத்தை மட்டும் நம்பி மேல் அணிக்கு ஏற்றிவிடலாம். அல்லது கீழ்ப்படியிலேயே சில காலம் இருத்தி, குறையைக் கண்டு திருத்தலாம். மூன்றாவது வழியே பெரும்பாலும் பலன் தருகிறது என்று அவ்வாட்டத்தில் தேர்ந்த பிள்ளைகள் நமக்குச் சொல்கிறார்கள்.

திரையில் இதற்கெல்லாம் செலவு ஒன்றுமில்லை. தவறிப்போனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். ஆனால் எண்ணாக இல்லாமல் எலும்பும் சதையுமாக ஓர் இளைஞன் நம் முன் நிற்கும்போது? அவனுக்குப் பின்னால் கூலி வேலை செய்யும் தந்தையும், கடை வைத்துப் பிழைக்கும் தாயும், தம்பி தங்கையரும் நிற்கும்போது? இக்கேள்விக்கு விடை தேடி நாம் அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. நம் சேலத்துக்கு மேற்கே, தறிகளின் ஓசை ஓயாத சின்னப்பம்பட்டி வரை சென்றால் போதும்.

தறி ஊரின் பிள்ளை

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியை நாம் நன்கு அறிவோம். விசைத்தறி, ஜவ்வரிசி ஆலை, கோழிப் பண்ணை, லாரிப் பட்டறை, திருச்செங்கோட்டின் ஆழ்குழாய்க் கிணற்று வண்டிகள் என்று உழைப்பையே முதலாகக் கொண்டு வாழும் மண் இது. அறுவடை முடிந்த காட்டிலும், பள்ளி மைதானத்திலும், ஊர்ப் பொட்டலிலும் ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் நடைபெறும். பந்து விலை மலிவு. காலுறை, கையுறை, தலைக்கவசம் ஒன்றும் வேண்டாம். ஆகவே ஏழைப் பிள்ளைகளின் கிரிக்கெட் அதுவே.

அத்தகைய ஆட்டத்தில் வளர்ந்தவரே தங்கராசு நடராஜன். 1991ஆம் ஆண்டு பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். தந்தையார் நெசவுத் தொழில் சார்ந்த கூலி வேலை செய்தார். தாயார் சாலையோரத்தில் சிறு உணவுக் கடை நடத்தினார். இருபது வயதை எட்டும் வரை நடராஜன் அறிந்திருந்தது டென்னிஸ் பந்து ஒன்றையே.

அவருக்குள் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். சென்னையில் சங்க ஆட்டங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை அறிந்திருந்த அவர், இந்த இளைஞனைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, வழிகாட்டியாகவும் மூத்த சகோதரனாகவும் நின்றார். பின்னாளில் நடராஜன் தம் சட்டையின் முதுகில் 'ஜே.பி. நட்டு' என்று பொறித்துக்கொண்டு ஆடினார் என்பதை நம் வாசகர்கள் பலர் தொலைக்காட்சியில் கண்டிருக்கலாம். முன்னிரண்டு எழுத்தும் ஜெயப்பிரகாஷைக் குறிப்பவை.

சென்னையிலும் அவர் நேரே உச்சிக்கு ஏறிவிடவில்லை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் போட்டிகள் பல பிரிவுகளாகப் படிப்படியாக அமைந்தவை. 2010-11 பருவத்தில் நான்காம் பிரிவில் பி.எஸ்.என்.எல். அணிக்காக ஆடத் தொடங்கினார். அடுத்து 2012-13இல் விஜய் கிரிக்கெட் சங்கம். அதன்பின் புகழ்பெற்ற ஜாலி ரோவர்ஸ். ஒவ்வொரு படியிலும் ஓராண்டு, ஈராண்டு. தோல் பந்தின் கனம், தையலின் திசை, நீண்ட நேரம் வீசும் பழக்கம் ஆகியவற்றையெல்லாம் அந்தப் படிகளிலேதான் அவர் கற்றார். 2015ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வங்காளத்துக்கு எதிராகக் கொல்கத்தாவில் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் தமிழகத்துக்காக முதன்முறை களமிறங்கினார். சின்னப்பம்பட்டியின் கனவு நிறைவேறியது என்றே எல்லாரும் எண்ணினர்.

குறை என்னும் சொல்

அந்த முதல் ஆட்டத்தின் விளைவாகவே இடி விழுந்தது. அவர் பந்து வீசும் முறை ஐயத்துக்குரியது என்று நடுவர்களின் அறிக்கை சென்றது.

இதன் பொருளைச் சற்று விளக்குவது நலம். பேஸ்பாலில் பந்தை எறிகிறார்கள். மடங்கிய முழங்கை சாட்டைபோல் நிமிர்வதால்தான் அங்கே வேகம் பிறக்கிறது. கிரிக்கெட்டிலோ பந்தை எறியலாகாது, வீச வேண்டும். கை தோள் மட்டத்துக்கு உயர்ந்த நேரத்திலிருந்து பந்து விடுபடும் வரை, மடங்கிய முழங்கை நிமிரும் அளவு 15 பாகைக்கு மேற்படலாகாது. பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் 2005ஆம் ஆண்டு முதல் எல்லா வகைப் பந்துவீச்சாளர்க்கும் இதையே அளவாக வைத்துள்ளது. ஓர் ஆட்டத்தில் பெருமையாவது மற்றோர் ஆட்டத்தில் குற்றமாகிறது!

டென்னிஸ் பந்து ஏறக்குறைய 58 கிராம் எடையுள்ளது. ஆடவர் ஆடும் தோல் பந்தோ 156 முதல் 163 கிராம் வரை. இலேசான பந்தை வெடுக்கென்று விட்டுப் பழகிய கை, ஏறக்குறைய மும்மடங்கு கனமான பந்தை அதே விரைவில் செலுத்த முயலும்போது, முழங்கையின் உதவியை அறியாமலே நாடக்கூடும். இது வஞ்சகம் அன்று, பழக்கம். ஆனால் அறிக்கையில் அந்த வேறுபாடு எழுதப்படுவதில்லை. 'எறிகிறவன்' என்னும் சொல் ஒரு பந்துவீச்சாளன் மேல் விழுந்தால், அது திருடன் என்று சொல்லப்படுவதற்கு ஒப்பானது. பெரிய நகரத்தில், செல்வாக்கு ஏதுமற்ற ஒரு கிராமத்து இளைஞனின் மேல் அது விழும்போது அதன் பாரம் இன்னும் மிகுதி.

அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. இவ்விளையாட்டில் அது இளமையும் அன்று, முதிர்ச்சியும் அன்று. அத்துடன் அவர் ஊர் திரும்பி ஏதேனும் வேலையில் அமர்ந்திருந்தால், யாரும் வியந்திருக்க மாட்டார்கள். 'பெரிய இடமெல்லாம் நமக்கெதற்கு?' என்று ஆறுதல் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

நடராஜன் திரும்பவில்லை; அவரை மற்றவர்களும் திருப்பி அனுப்பவில்லை. தமிழகத்தின் முன்னாள் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரும் பயிற்றுநருமான சுனில் சுப்பிரமணியம் அவரைத் திருத்தும் பணியை ஏற்றார். முன்னாள் ஆட்டக்காரர்களான எம். வெங்கடரமணா, டி. வாசு ஆகியோரும் துணைநின்றனர். ஏறக்குறைய ஓராண்டு அந்தப் பணி நீடித்தது. பிறந்தது முதல் நடந்து பழகிய ஒருவனை, நடக்கும் முறையை மாற்றிக்கொள் என்று சொன்னால் எப்படியிருக்கும்? அதைப் போன்றது இது. ஓடிவரும் வேகத்தைக் குறைத்து, கையின் வழியை மாற்றி, ஒரே அசைவை ஆயிரம் முறை செய்து, பின்னர் மீண்டும் வேகத்தைக் கூட்ட வேண்டும். கைதட்ட ஒருவரும் இல்லாத, ஓட்ட எண்ணிக்கை எதுவும் பதிவாகாத உழைப்பு அது.

அந்த ஓராண்டின் விளைச்சலைப் பின்வந்த ஆண்டுகளில் நாடு கண்டது. 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டியில் திண்டுக்கல் அணிக்காக ஆடி, காலடியில் விழும் யார்க்கர் பந்துகளால் பெயர் பெற்றார். டென்னிஸ் பந்தில் பொட்டல் காட்டில் கற்ற வித்தையே அது! குறையைத் திருத்தியவர்கள் அவரது இயல்பான செல்வத்தைப் பறித்துவிடவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றமும் இறக்கமும்

2017ஆம் ஆண்டு ஏலத்தில், 10 இலட்சம் அடிப்படை விலையிலிருந்த அவரைப் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. செய்தித்தாள்கள் வியந்தன. ஆனால் அவ்வாண்டு ஆறு ஆட்டங்களில் இரண்டே விக்கெட்டுகள். அடுத்த ஆண்டு 40 இலட்சத்துக்கு ஐதராபாத் அணி எடுத்தது. 2018, 2019 ஆகிய ஈராண்டும் ஓர் ஆட்டத்திலேனும் களமிறக்கவில்லை. விலை ஏறியபோது அவர் வேறு மனிதராகிவிடவில்லை. விலை இறங்கியபோதும் அப்படியே. கற்றுக்கொண்டே இருந்தார்.

2020ஆம் ஆண்டு, கொள்ளைநோய்க் காலத்தில் ஐக்கிய அரபு நாட்டில் நடைபெற்ற தொடரில் 16 ஆட்டங்களில் 16 விக்கெட்டுகள். உலகின் தலைசிறந்த மட்டையாளர்களில் ஒருவரான ஏ.பி. டி வில்லியர்ஸ், நவம்பர் 6ஆம் நாள் நடராஜனின் யார்க்கருக்கே ஆட்டமிழந்தார். அதன்பின் இந்திய அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசும் துணையாளாக ஆஸ்திரேலியா சென்றார். மூத்த வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற, டிசம்பர் 2ஆம் நாள் ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4ஆம் நாள் இருபது ஓவர் ஆட்டம், 2021 சனவரி 15ஆம் நாள் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம் என்று ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட்டுகள் வீழ்த்தினார். அந்த ஆட்டத்தையும் தொடரையும் இந்தியா வென்றது. ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டி மக்கள் அவரைக் குதிரை பூட்டிய சாரட்டில் அமர்த்தி ஊர்வலமாக அழைத்து வந்தனர்.

கதையை இங்கே முடித்துவிட்டால் இனிமையாக இருக்கும். ஆனால் முழு உண்மையாக இராது. 2021 மார்ச்சில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ஓட்டங்களைக் காத்து, 7 ஓட்ட வெற்றியைத் தந்தார். அடுத்த மாதமே முழங்காலில் அறுவைச் சிகிச்சை. பின்னரும் ஐ.பி.எல். போட்டிகளில் 2022இல் 18, 2024இல் 19 என்று விக்கெட்டுகள் எடுத்தார். 2025ஆம் ஆண்டுத் தொடருக்காக டெல்லி அணி அவரை 10 கோடியே 75 இலட்சத்துக்கு எடுத்தது. ஆனால் அவ்வாண்டு அவர் ஆடியவை இரண்டே ஆட்டங்கள். பந்துவீச்சாளனின் உடல் ஓர் உழவு மாட்டின் உடலைப் போன்றது. எத்துணைப் பேணினாலும் உழைத்த தழும்பு அதில் விழாமல் இராது.

பிற நாட்டார் கண்டறிந்தவை

இத்தகைய வரலாறு நம்மூரில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவில் சாண்டி கூஃபாக்ஸ் என்னும் இடக்கைப் பந்தெறியாளர் 19 வயதில், 1955ஆம் ஆண்டு, புரூக்ளின் அணியில் சேர்ந்தார். பெருந்தொகை கொடுத்துச் சேர்க்கப்படும் இளைஞரை முதல் ஈராண்டுகள் கீழ்ப்பிரிவுக்கு அனுப்பலாகாது என்பது அக்காலத்து விதி. ஆகவே கற்க வேண்டிய வயதில் கற்பதற்கு இடமின்றி, மேல் அணியின் பலகையிலே அமர்ந்திருந்தார். 1960 முடிய ஆறு ஆண்டுகளில் அவர் பெயரில் 36 வெற்றி, 40 தோல்வி. விளையாட்டையே விட்டுவிட எண்ணினார். 1961ஆம் ஆண்டு தொடக்கத்தில், உடன் ஆடிய நார்ம் ஷெரி அவரிடம் சொன்ன யோசனை மிக எளியது: அவ்வளவு வேகம் வேண்டாம், சற்றுத் தளர்த்தி எறி என்பதே. வேகம் சிறிதே குறைந்தது, கட்டுப்பாடு வந்தது. அதன்பின் ஆறு ஆண்டுகள் அவருக்கு நிகர் எவருமில்லை. ஆயினும் முழங்கை மூட்டின் அழற்சி முற்றவே, 1966ஆம் ஆண்டு முப்பது வயதிலேயே விடைபெற்றார்.

முழங்கையின் வேதனையை அமெரிக்கர் பட்டறிந்தே கற்றனர். 1974ஆம் ஆண்டு டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்னும் பந்தெறியாளரின் முழங்கையில் கிழிந்துபோன தசைநாருக்குப் பதிலாக, மறுகையிலிருந்து எடுத்த நாரைப் பொருத்திச் சாதனை புரிந்தார். பிற்காலத்தில் பதின்பருவச் சிறுவர்களுக்கே அந்த அறுவை தேவைப்படுவது கண்டு அங்குள்ளோர் திடுக்கிட்டனர். எனவே 2014ஆம் ஆண்டு, வயதுக்கேற்ற வரம்புகளை வெளியிட்டனர். 9, 10 வயதுச் சிறுவன் ஒரு நாளில் 75 பந்துகளுக்கு மேல் எறியலாகாது. 17, 18 வயதினர்க்கு 105. எறிந்த எண்ணிக்கைக்கு ஏற்ப ஓய்வு நாட்களும் உண்டு.

இலங்கையின் முத்தையா முரளிதரனை நாம் மறக்கலாகாது. அவருடைய பாட்டனார் 1920ஆம் ஆண்டு தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றவர். கண்டியில் பெனடிக்டைன் துறவியர் நிறுவிய புனித அந்தோனியார் கல்லூரியில் முரளிதரன் பயின்றார். வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுச் சிறுவனைச் சுழற்பந்துக்கு மாற்றியவர், அப்பள்ளியின் பயிற்றுநர் சுனில் ஃபெர்னாண்டோ. 1995ஆம் ஆண்டு மெல்போர்ன் மைதானத்தில், பெருங்கூட்டத்தின் முன், நடுவர் அவரது பந்துகளை முறையற்றவை என்று மீண்டும் மீண்டும் அறிவித்தார். பிறவியிலேயே முழுதும் நிமிராத முழங்கை அவருடையது. ஆய்வுக்கூடங்களில் பலமுறை தம்மை உட்படுத்திக்கொண்டு, ஆட்டத்தைத் தொடர்ந்து, 2010ஆம் ஆண்டு 800 விக்கெட்டுகளுடன் அவர் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார்.

நம் இல்லங்களுக்கு

அன்பார்ந்த பெற்றோரே, இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில உண்டு.

முதலாவது, குறை வேறு, பிள்ளை வேறு. 'உன் கை வளைகிறது' என்பது திருத்தத்தின் தொடக்கம்; 'நீ உருப்பட மாட்டாய்' என்பது முடிவு. இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதைப் பல வீடுகளில் கேட்கிறோம். கணக்குப் பாடத்துக்கும் இதுவே பொருந்தும். திக்கிப் பேசும் நாவுக்கும் இதுவே பொருந்தும்.

இரண்டாவது, படிகளைத் தாண்டச் செய்யலாகாது. நான்காம் பிரிவில் ஆடிய ஆண்டுகள் நடராஜனுக்கு வீணாகவில்லை. உறவினர் முன்னே பெருமை பேசுவதற்காகப் பிள்ளையை அவன் தாங்காத உயரத்தில் கொண்டு நிறுத்துவோர், ஏணியைக் கொடுக்காமல் மாடியைக் காட்டுகிறார்கள்.

மூன்றாவது, உடலின் அளவை அறிய வேண்டும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று ஊர்ப் போட்டிகளில் பந்து வீசிவிட்டு, திங்களன்று தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் சிறுவர்கள் நம்மிடையே உண்டு. முழங்கை, தோள், இடுப்பு ஆகியவற்றில் வலி நீடித்தால், தைலம் தடவி மறுநாள் ஆட அனுப்புவது அன்பாகாது. ஓய்வும் மருத்துவரின் ஆலோசனையும் வேண்டும்.

நான்காவது, ஆயிரத்தில் ஒருவனே நடராஜன் ஆவான். எஞ்சியோர்க்கும் வாழ்வு உண்டு. ஆகவே படிப்பையும் தொழிலையும் மைதானத்துக்குப் பலியிடுதல் தகாது. அதே சமயம், உச்சியைத் தொடாதவனின் ஆட்டம் வீண் என்று கொள்வதும் தகாது. தோற்றபின் மறுநாள் பயிற்சிக்குச் செல்லக் கற்றவன், கடையில் நட்டம் வந்தாலும் தறி நின்றாலும் எழுந்து நிற்கக் கற்றவனாவான்.

ஐந்தாவது, ஒவ்வோர் இளைஞனுக்கும் வீட்டுக்கு வெளியே ஒரு மூத்தவர் தேவை. பெற்றோர் உணவு தரலாம், அன்பு தரலாம்; வழி தெரிந்தவர் ஒருவர் கைப்பிடித்து நடத்த வேண்டும். நம் பங்கிலும் ஊரிலும் ஆசிரியர்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள், ஒரு காலத்தில் ஆடியவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒரே ஓர் இளைஞனுக்கு ஜெயப்பிரகாஷாக இருக்க அவர்களில் ஒருவர் முன்வந்தால் போதாதா?

அந்தக் கடனை நடராஜன் தம் அளவில் திருப்பிச் செலுத்தி வருகிறார். ஜெயப்பிரகாஷுடன் சேர்ந்து சின்னப்பம்பட்டியில் கிராமத்துப் பிள்ளைகளுக்கான பயிற்சிக் கூடத்தை அமைத்தார். அவ்வட்டாரத்திலிருந்து எழுந்த ஜி. பெரியசாமி, 2019ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தில் 15 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள் வீழ்த்திச் சேப்பாக்கம் அணிக்குக் கோப்பையைத் தேடித் தந்தார். 2020 பெப்ருவரியில் வாழப்பாடி அருகே பெரிய மைதானம் ஒன்று திறக்கப்பட்டது. 2023 சூன் மாதம் சின்னப்பம்பட்டியிலேயே நடராஜன் அமைத்த மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்து வைத்தார். சென்னைக்குப் போனால்தான் தோல் பந்தைத் தொடலாம் என்றிருந்த நிலை, இச்சமவெளியின் பிள்ளைகளுக்கு மெல்ல மாறிவருகிறது.

திரையிலுள்ள எண்களை மாற்ற ஒரு பொத்தான் போதும். ஒரு கையைத் திருத்த ஓராண்டு வேண்டும். அந்த ஓராண்டும் அருகிலேயே நிற்க ஒருவர் வேண்டும். நம் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, அறிக்கையொன்றால் தலைகுனிந்து நிற்கும் பிள்ளை எவனேனும் இருந்தால், அவனுக்காக அந்த ஓராண்டைக் கொடுக்க நாம் ஆயத்தமாயிருப்போம்.